சண்டை எப்படி முடிந்தது? பிறந்த வீட்டுப் பழக்கமும் தம்பதியரின் பிணக்கும்: ஒரு முழுமையான வழிகாட்டி

எங்களுக்குத் திருமணமாகி இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு வேலை முடிந்து சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டும், அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டும் இருந்தன. உள்ளே சோறு, மீன் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். காலையில் பணம் தொடர்பாக எங்களுக்குள் வாக்குவாதம் நடந்திருந்தது. மனைவி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். கூட உட்கார்ந்து சாப்பிடக்கூட மனமில்லை போலும் என்று முடிவுகட்டி, தட்டை மறுபடி மூடிவிட்டு, கீழே காப்பிக் கடைக்குப் போய் மீ கோரெங் சாப்பிட்டு வந்தேன். அடுத்த மூன்று நாட்கள் வீட்டில் பேச்சே இல்லை.

நான்காம் நாள்தான் விளங்கியது. மனைவி வளர்ந்த வீட்டில் யாரும் யாரிடமும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதில்லை. சண்டைக்குப் பிறகு பிடித்த குழம்பை வைத்து மூடி வைப்பதுதான் அங்கே மன்னிப்பு. நான் வளர்ந்த வீட்டிலோ, கோபமாக இருப்பவருக்குத்தான் தனியாக எடுத்து வைப்பார்கள். கோபம் தீர்ந்தவர் வந்து எதிரே உட்காருவார். மனைவி சமாதானம் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அது கேட்கவில்லை.

பிறந்த வீட்டின் தாக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சண்டை எப்படி வெடிக்கிறது என்பதையே ஆராய்கிறார்கள்: யார் கத்துவார், யார் சாமான்களை எறிவார், யார் வாயை மூடிக்கொள்வார் என்று. என் அனுபவத்தில், சண்டை எப்படி முடிகிறது என்பதில்தான் பிறந்த வீட்டின் பிடி இன்னும் இறுக்கமாக இருக்கிறது. அதே சமயம் மாற்றிக்கொள்வதற்கு எளிதானதும் அதுவே. கீழே உள்ள படிகள் அந்த நோக்கத்தில் அமைந்தவை. வாரத்திற்கு ஒரு படி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முடிக்கலாம். ஒரே இரவில் உட்கார்ந்து முடித்துவிட முயன்றால், அதுவே புதிய சண்டைக்கு வழிவிடும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை

இங்கே சொல்லப்படுபவை, இருவரும் ஒருவர்முன் ஒருவர் அச்சமின்றிப் பேசக்கூடிய வீடுகளுக்கு மட்டுமே பொருந்தும். அடிப்பது, மிரட்டுவது, சம்பளத்தையும் கைப்பேசியையும் பிடுங்கி வைப்பது, வெளியே போகவிடாமல் தடுப்பது ஆகியவற்றைக் கருத்து வேறுபாடு என்று அழைக்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் துணைவரின் சிறுவயதைப் புரிந்துகொள்ள உட்காருவது, ஆபத்துக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுப்பதாகவே முடியும். சிங்கப்பூரில் வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் எதிரான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-777-0000. அது 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் 999. மாதர் சாசனம் என்னும் குடும்பச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கோரவும் வழியுண்டு. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் என்பது ஒருவருடைய நடத்தைக்குக் காரணமாக இருக்கலாம், அனுமதியாகிவிடாது.

முதல் படி: ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள்

பெரிய சண்டை வேண்டாம். வீடு வாங்குவது, பிள்ளை பெறுவது, மாமியாரை உடன் வைத்துக்கொள்வது போன்றவற்றைத் தொடாமல், முடிந்துபோன ஒரு சிறிய சண்டையைத் தேர்ந்தெடுங்கள். தீபாவளிக்கு முதலில் யார் வீட்டுக்குப் போவது என்று கிளம்பி, கடைசியில் எங்கேயோ போய் முடிந்த சண்டை இதற்குப் பொருத்தமாக இருக்கும். அதை இருவரும் தனித்தனியே, காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுவதைப்போல, நடந்த வரிசையில் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் எந்த அறையில் இருந்தார், முதல் வாக்கியம் எது, எந்தச் சொல்லில் குரல் உயர்ந்தது, உடம்பில் என்ன நடந்தது, கடைசியாகப் பேசியவர் யார், மறுபடி சாதாரணமாகப் பேசிய முதல் வாக்கியம் எது. "அவர் எப்போதும் இப்படித்தான்" போன்ற தீர்ப்புகளை எழுதக்கூடாது. கேமரா பதிவு செய்யக்கூடியதை மட்டும் எழுத வேண்டும், உடம்பில் உணர்ந்ததைத் தவிர.

உடம்பைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1986-இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, தம்பதியரைப் பேசவிட்டு அவர்களுடைய முகபாவம், இதயத் துடிப்பு, வியர்வை ஆகியவற்றைப் பதிவு செய்தார். நிமிடத்திற்கு 100-ஐத் தாண்டி இதயம் துடிக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனதில் ஏறுவதில்லை என்பது அவருடைய முக்கியமான அவதானிப்புகளில் ஒன்று. எழுதிய காகிதத்தில் "காது சூடானது", "நெஞ்சு படபடத்தது" என்று எந்த வரியில் வருகிறதோ, அதற்குப் பிறகு பேசப்பட்ட எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதே ஆய்வுகளிலிருந்து வந்த இன்னொரு கணக்கு எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது. தம்பதியரிடையே வரும் பிணக்குகளில் ஏறத்தாழ 69 விழுக்காடு தீரவே தீராதவை. நல்ல குடித்தனம் நடத்துபவர்களும் அவற்றை ஆண்டுக்கணக்காகப் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆகவே எழுதிய சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல முயலாதீர்கள். அது இருவருடைய பழக்கங்களையும் வெளிக்காட்டினாலே போதும்.

இரண்டாம் படி: பிறந்த வீட்டின் எழுதாத சட்டங்கள்

இப்போது அந்தச் சண்டையை மூடி வைத்துவிட்டு, ஏறக்குறைய பத்து வயதில் நீங்கள் இருந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். சண்டை வந்தால் பெரியவர்கள் உங்கள் முன்னாலேயே பேசிக்கொண்டார்களா, அல்லது "உள்ளே போய்ப் படி" என்று அனுப்பிவிட்டார்களா? குரல் உயர்ந்தால் அது சாதாரணமா, அல்லது உலகம் இடிந்ததாகப் பொருளா? மௌனம் எத்தனை நாள் நீடிக்கும்? யாரிடம் யார் தூது போவார்? அந்த வீட்டில் வாய் திறக்கவே கூடாத பொருள் எது? ஊருக்கு அனுப்பும் பணமா, குடியா, சித்தப்பாவின் கடனா? கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: சண்டை முடிந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

பலர் இந்தக் கடைசிக் கேள்வியில் தடுமாறுவார்கள். சண்டையைத் துல்லியமாகச் சொல்பவர்களுக்குக்கூட, அது எப்படி ஓய்ந்தது என்று நினைவு இருக்காது. பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் ஏதோ பேசித் தீர்த்திருப்பார்கள், அல்லது பேசாமலேயே விட்டிருப்பார்கள். என் அம்மா இரண்டு நாள் மௌனத்திற்குப் பிறகு அப்பாவிடம் பேசும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "கதவைப் பூட்டியாச்சா?" அவருக்குப் பதில் தேவையில்லை. பூட்டப்பட்டிருப்பது அவருக்கே தெரியும். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் நானும் தங்கையும் அறைக்குள் நிம்மதியாகத் திரும்பிப் படுப்போம்.

வீடு இருந்த இடமும் சட்டம் வகுக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில், சன்னல்கள் பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்தபடி இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்பது தாலாட்டைப்போலப் பழகிய வாக்கியம். அங்கே சண்டையும் வெட்கமும் ஒன்றாகப் பிணைந்துவிடுகின்றன. சண்டை போடுவதைவிட அது கேட்டுவிடுவது பெரிய குற்றம். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து திருமணமாகி இங்கே வந்தவருக்கு இது புதிராக இருக்கும். அவருடைய ஊரில் சண்டை வாசலுக்கு வரும். எதிர்வீட்டு அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து இரண்டு பேரையும் திட்டுவார். அரை மணியில் அடங்கிவிடும். இங்கோ, குரலை உயர்த்துகிறவரைச் சிங்கப்பூரில் வளர்ந்த துணைவர் மானத்தை வாங்குகிறவராகப் பார்க்கிறார். குரலைத் தாழ்த்துகிறவரை ஊரிலிருந்து வந்தவர் மனதை மறைக்கிறவராகப் பார்க்கிறார். இருவரும் குணத்தைக் குறை சொல்லிக்கொள்வார்கள். வேறுபாடு கட்டடத்தில் இருக்கும்.

மொழியையும் கவனியுங்கள். "நீங்க" என்று அழைத்துக்கொண்டிருந்தவர் எந்தக் கணத்தில் "நீ" என்கிறார்? சில வீடுகளில் "வா, போ" என்பதே அன்பின் அடையாளம். வேறு சில வீடுகளில் கணவனை மனைவியோ, மனைவியைக் கணவனோ ஒருமையில் விளித்தால் அது கை ஓங்குவதற்கு அடுத்த நிலை. இன்னும் ஒன்று: நமக்குள் பலர் ஆங்கிலத்தில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானமாகிறார்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் வாதாடிப் பழகிய மொழி அது என்பதால் இருக்கலாம். தமிழ் மட்டுமே சரளமாக வரும் துணைவருக்கு, சண்டை ஆங்கிலத்துக்கு மாறும் கணம் கதவு சாத்தப்படும் கணம். இதுவும் காகிதத்தில் ஏற வேண்டும்.

மூன்றாம் படி: மூன்று தலைமுறை வரைபடம்

அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன், ஒருவருடைய மனப்பாங்கைத் தனியாகப் பார்க்காமல் குடும்பம் முழுவதையும் ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1950-களிலிருந்து வளர்த்தெடுத்தவர். பதற்றத்தைக் கையாளும் முறை தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது என்றார். இன்று குடும்ப ஆலோசகர்கள் வரைகிற உறவு வரைபடத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்திற்கு இணைக்கும் கோடு. பிணக்குள்ள இருவருக்கிடையே பல்பல்லான கோடு, விலகி நிற்பவர்களுக்கிடையே புள்ளிக் கோடு, பேச்சே அற்றுப்போனவர்களுக்கிடையே வெட்டுப்பட்ட கோடு. ஏ4 தாளும் பென்சிலும் போதும்.

தாத்தா பாட்டி வரை போகச் சொல்வதற்கு நம்மிடம் தனிக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் பலருடைய தாத்தாக்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து, துறைமுகத்திலோ செம்பவாங் கடற்படைத் தளத்திலோ கடைகளிலோ வேலை பார்த்தவர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்பு மணியார்டராகப் போனது. கோபம் கடிதத்தில் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிட்டது. அத்தகைய வீட்டில் வளர்ந்த ஒரு மகன், கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் அன்றாடம் உரசிக்கொண்டு, அன்றாடம் சமாதானமாவதைப் பார்த்ததே இல்லை. அவர் அப்பாவானபோது, பிரச்சினை வந்தால் கூடுதல் நேரம் வேலை பார்த்துப் பணம் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மகன் இன்று சண்டை வந்தால் மடிக்கணினியைத் திறக்கிறார். வரைபடத்தில் மூன்று சதுரங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்க்கும்போது, "எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூட இவருக்கு மனம் இல்லை" என்று எண்ணியிருந்த மனைவிக்கு அதே காட்சி வேறு பொருள் தரக்கூடும்.

இதனால் விதி எழுதப்பட்டுவிட்டது என்று ஆகாது. ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேரெதிராக ஆவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒருவர் அப்பாவைப்போலவே கத்துவார், மற்றவர் அப்பாவைப்போல ஆகிவிடக்கூடாது என்பதற்காகவே வாயைத் திறக்க மாட்டார். இரண்டுமே அப்பாவை மையமாக வைத்து எழுதிய பதில்கள்தான். குழந்தைப் பருவப் பிணைப்பை ஆராய்ந்தவர்களும், கடினமான சிறுவயதைக் கடந்து, அதைப் பற்றித் தெளிவாகப் பேசும் நிலைக்கு வந்தவர்கள் பாதுகாப்பான உறவுகளை அமைத்துக்கொள்கிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்கள்.

நான்காம் படி: ஒருவருக்கொருவர் சொல்லுதல்

வீட்டில் வேண்டாம். மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணையாகிவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் கண்ணைப் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமல் பேச்சு இளகுகிறது. நாங்கள் பொங்கோல் நீர்வழிப் பாதையில் நடந்தோம். உங்களுக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையோ பக்கத்துப் பூங்காவோ இருக்கும். ஒருவருக்கு இருபது நிமிடம். கேட்பவர் குறுக்கே பேசாமல், முடிந்ததும் "நான் கேட்டது இது, சரிதானா?" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அறிவுரை கூடாது.

ஒரு சட்டத்தை மட்டும் எந்தக் காரணத்தாலும் மீறாதீர்கள்: அவரவர் தம் வீட்டைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். துணைவர் வீட்டை விளக்கும் உரிமை உங்களுக்கு இல்லை, உங்கள் விளக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும். "உங்க அம்மா மாதிரியே பேசுற" என்ற வாக்கியத்தைவிட வேகமாக ஒரு குடித்தனத்தைக் கெடுக்கும் வாக்கியத்தை நான் அறியேன். அது துணைவரையும், அவருடைய தாயையும், அவர் நம்பிச் சொன்ன சிறுவயதையும் ஒரே மூச்சில் ஆயுதமாக்கிவிடுகிறது. இந்தப் பயிற்சியில் தெரிந்துகொண்டதைப் பின்னாளில் ஒரு சண்டையில் எடுத்து வீசினால், அடுத்த முறை அவர் எதையும் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பதுதான் அவருக்கு நியாயமும்.

ஐந்தாம் படி: சுழலைக் கண்டுபிடித்தல்

முதல் படியில் எழுதிய இரண்டு வாக்குமூலங்களையும் இப்போது அருகருகே வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரே வடிவம் தென்படும்: ஒருவர் துரத்துகிறார், மற்றவர் பின்வாங்குகிறார். உளவியலாளர்கள் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோஃபர் ஹெவியும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கோருதலும் விலகுதலும் என்று விவரித்தார்கள். மாற்றம் வேண்டும் என்பவர் துரத்துபவராகவும், இருப்பதே போதும் என்பவர் விலகுபவராகவும் ஆகிறார் என்பது அதில் கவனிக்க வேண்டிய செய்தி. நம் வீடுகளில் இதற்கு "நச்சரிக்கிறாள்", "கல்லுளிமங்கன்" என்று பெயர் வைத்து முடித்துவிடுகிறோம்.

சுழலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எங்களுடையது இது: நான் பேசாமல் இருந்தால் மனைவிக்குக் கைவிடப்பட்டதாகத் தோன்றுகிறது, அவர் விடாமல் கேட்டால் எனக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாகத் தோன்றுகிறது, எனவே நான் இன்னும் பேசாமல் ஆகிறேன், அவர் இன்னும் கேட்கிறார். அவருடைய அப்பா கோபித்துக்கொண்டு வாரக்கணக்கில் ஜோகூரில் உள்ள தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார் என்பதும், என் வீட்டில் கேள்விக்குப் பதில் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகக் கணக்கில் வரும் என்பதும் தெரிந்த பிறகு, அந்த வாக்கியத்தில் வில்லன் இல்லாமல் போனது. சுழல்தான் இருவருக்கும் பொதுவான எதிரி என்று நாங்கள் பேசத் தொடங்கினோம்.

குழந்தை தன் தாயிடம் கொள்ளும் பிணைப்பை ஜான் போல்பியும் மேரி எயின்ஸ்வொர்த்தும் விளக்கினார்கள். அதே பிணைப்பு முறைகள் வயது வந்தோரின் காதலிலும் தென்படுகின்றன என்று சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் 1987-இல் எழுதினார்கள். இணையத்தில் இதைக் கொண்டு ஆளுக்கொரு முத்திரை குத்தும் தேர்வுகள் ஏராளமாக உள்ளன. அவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. முத்திரை கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது.

ஆறாம் படி: நிறுத்தும் உடன்பாடு

குறைந்தது இருபது நிமிட இடைவெளி இல்லாமல் உடம்பின் கொதிப்பு அடங்குவதில்லை என்று காட்மன் சொல்கிறார். ஆனால் எழுந்து போவது, கைவிடப்பட்ட அனுபவம் உள்ளவருக்குப் பெரிய தண்டனை. ஆகவே போகிறவர் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டே போக வேண்டும், சொன்ன நேரத்தில் அவரே வந்து பேச்சைத் தொடங்கவும் வேண்டும். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன், ஒன்பதே காலுக்குப் பேசலாம்" என்பது எங்கள் வீட்டு வாக்கியம். இடைவெளியில் எதிர்வாதத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் பயனில்லை. துணி மடியுங்கள், புளோக்கைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். இந்த உடன்பாட்டைச் சண்டை இல்லாத நாளில் செய்துகொள்ள வேண்டும்.

பேச்சைத் தொடங்கும் முறைக்கும் ஒரு குறிப்பு. ஆளைக் குறை சொல்வது, ஏளனம் செய்வது, தன் பக்கத்தை மட்டும் காத்துக்கொள்வது, சுவராகிவிடுவது ஆகிய நான்கும் உறவை அரிப்பவை என்று காட்மன் வகுத்தார். அவற்றில் ஏளனமே மிகக் கொடியது. பல தமிழ் வீடுகளில் அது நகைச்சுவை வேடம் போட்டு வரும். நான்கு பேர் முன்னால் மனைவியின் சமையலையோ கணவனின் சம்பளத்தையோ கிண்டலடிப்பது சாதாரணமாக இருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு, தாம் செய்வது ஏளனம் என்றே தெரியாது. இதை மட்டும் துணைவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஏழாம் படி: சமாதான அகராதி

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருவரும் மூன்று பட்டியல் எழுதுங்கள். ஒன்று, நான் வாய் திறக்காமல் மன்னிப்புக் கேட்கும் விதங்கள். இரண்டு, துணைவரின் கோபம் தீர்ந்தது என்று நான் கண்டுகொள்ளும் அடையாளங்கள். மூன்று, அவர் என்ன செய்தாலும் எது இல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பட்டியல்கள் வியப்பளிக்கும். "தேத்தண்ணி போடவா?", "நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை?", அவர் தூங்கும் பக்கம் மின்விசிறியைத் திருப்பி வைப்பது, தேக்காவிலிருந்து கேட்காமலேயே வாங்கி வரும் மல்லிகைச் சரம், பிள்ளையிடம் "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அனுப்பும் செய்தி. இவற்றில் எதுவும் பொய்யில்லை, எதுவும் குறைந்ததும் இல்லை. ஆனால் அனுப்புபவருடைய வீட்டு அகராதியில் மட்டுமே அவற்றுக்குப் பொருள் இருக்கிறது. சண்டையின் நடுவிலோ பின்னாலோ வரும் இத்தகைய சீர்செய்யும் முயற்சிகள் எதிர்த்தரப்பால் ஏற்றுக்கொள்ளப்படுகின்றனவா என்பதைத்தான் காட்மன் உறவின் ஆயுளைக் காட்டும் முக்கியமான அளவாகக் கருதினார். முயற்சி எவ்வளவு அழகாக இருந்தது என்பது அவ்வளவு பொருட்டில்லை.

பட்டியல்களை மாற்றிப் படித்த பிறகு ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: மறைமுக அடையாளம் எதுவானாலும், அதனோடு வெளிப்படையான ஒரு வாக்கியம் சேர வேண்டும். எங்கள் வீட்டில் இன்றும் மூடிய தட்டு வருகிறது. அதன்மேல் ஒரு துண்டுத் தாளில் "இது சமாதானக் குழம்பு" என்று எழுதியிருக்கும். நான் கற்றுக்கொண்டது இன்னும் கடினமானது. "காலையில் நான் சொன்னது தப்பு" என்று என் அப்பா வாழ்நாளில் சொல்லி நான் கேட்டதில்லை. முதல்முறை அதைச் சொன்னபோது யாரோ வேறொருவர் என் வாயால் பேசுவதைப்போல இருந்தது. பத்தாவது முறைக்குப் பிறகுதான் அது என் குரலாயிற்று.

மன்னிப்பில் "ஆனால்" வரக்கூடாது. "நான் கத்தியது தப்பு, ஆனால் நீயும்..." என்று தொடங்கினால் அது அடுத்த சுற்றின் முதல் வாக்கியம். துணைவர் தம்முடைய தவறைப் பேசும் முறையும் வரும், அதுவரை பொறுங்கள்.

பிள்ளைகள் இருந்தால் அகராதி அவர்களுக்கும் பயன்படும். பெற்றோரின் சண்டை குழந்தைகளை எப்படிப் பாதிக்கிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர் மார்க் கம்மிங்ஸ். சண்டையைப் பார்த்த குழந்தை அது தீர்ந்ததையும் பார்த்தால் பதற்றம் வெகுவாகக் குறைகிறது என்றும், கதவுக்குப் பின்னால் தீர்ந்ததைப் பின்னர் எடுத்துச் சொன்னாலும் பயன் உண்டு என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. பிள்ளைகள் முன்னால் சண்டை போட்டுவிட்டு, அவர்கள் தூங்கிய பிறகு சமாதானமாவது நம் வழக்கம். மறுநாள் காலை பள்ளிச் சீருடை மாட்டும்போது, "நேத்து அம்மாவும் அப்பாவும் கோபமாப் பேசினோம், அப்புறம் பேசிச் சரி பண்ணிட்டோம், உன்னால இல்ல" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

எட்டாம் படி: மூன்றாம் ஆள்

இருவருக்கிடையே பதற்றம் கூடும்போது மூன்றாம் ஒருவரை இழுத்துக்கொள்வதைப் போவன் முக்கோணம் என்றார். தமிழ் அகமரபு இதை வெகு காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. ஊடல்கொண்ட தலைவியிடம் தலைவனுக்காகத் தூது வரும் பாணனுக்கும் பிறருக்கும் வாயில்கள் என்றே பெயர். தலைவிக்கு வாயிலை மறுக்கும் உரிமையும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய வாயில்கள் அம்மா, அக்கா, குடும்ப வாட்ஸ்அப் குழு, சில வீடுகளில் இல்லப் பணிப்பெண், மிகப் பெரும்பாலும் மூத்த பிள்ளை.

புதுவீட்டுக்குப் பிடிஓ முறையில் (விண்ணப்பித்த பிறகே வீவக வீடு கட்டப்படும் முறை) விண்ணப்பித்துவிட்டு மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு தரப்புப் பெற்றோருடன் குடியிருக்கும் இளம் தம்பதியருக்கு இது மிகவும் கடினம். ஒரு சுவருக்கு அப்பால் மாமியார் இருக்கும் வீட்டில், சண்டையின் விதிகள் ஒருவருடைய பிறந்த வீட்டு விதிகளாகவே இருக்கும். மற்றவர் விருந்தாளியாக இருந்துகொண்டு சண்டை போட வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த வீட்டின் மகனோ மகளோதான் தம் பெற்றோரிடம் பேச வேண்டும், வந்தவரைப் பேசவிடக்கூடாது. அம்மாவிடம் சண்டையைச் சொன்னவர், சமாதானத்தையும் அதே அம்மாவிடம் சொல்ல வேண்டிய கடமை உள்ளவர். நாம் மறந்துபோன சண்டையை நம் தாய்மார்கள் பத்து ஆண்டுகள் கழித்தும் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், முடிவை அவர்களிடம் யாரும் சொல்லாததுதான்.

வெளி உதவி எப்போது

நான்காம் படியைத் தாண்ட முடியவில்லை என்றாலோ, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பேச்சு உடைகிறது என்றாலோ, சிறுவயதைத் தொட்டதும் ஒருவருக்கு உறக்கம் கெடுகிறது என்றாலோ ஆலோசகரிடம் போகலாம். குடும்பச் சேவை நிலையங்கள் தீவெங்கும் குடியிருப்புப் பேட்டைகளிலேயே இருக்கின்றன. 1991-இல் தொடங்கப்பட்ட சிண்டாவும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இந்தியக் குடும்பங்களுக்கு ஆதரவு வழங்குகிறது. மணவிலக்கை எண்ணத் தொடங்கிய பிறகே ஆலோசகரைத் தேடுவது நம்மிடம் வழக்கமாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பரஸ்பர ஒப்புதல் மணவிலக்கில்கூட, சமரசத்திற்கு என்ன முயற்சி செய்தீர்கள் என்று தம்பதியர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முயற்சியை ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே செய்வது மலிவானது.

முன்பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் ஆலோசகர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பிறந்த வீட்டைப் பற்றிய நினைவு எந்த மொழியில் பதிந்ததோ அந்த மொழியில்தான் முழுதாக வெளிவரும்; "கதவைப் பூட்டியாச்சா" என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் பூட்டு மட்டும்தான் மிஞ்சும். போகும்போது இரண்டு வாக்குமூலங்களையும், வரைபடத்தையும், அகராதி நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் சந்திப்பில் பாதி நேரம் மிச்சமாகும்.